எஃப்-1 விசாவில் கனடா, மெக்சிகோ போய்விட்டுத் திரும்பி வருவது எப்படி?

நயாகராவின் அமெரிக்கக் கரையில் கம்பியைப் பிடித்தபடி எதிர்க்கரையை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகள் நான்கு பேராவது இருப்பார்கள். அருவியின் முகம் கனடாப் பக்கத்துக்குத்தான். இந்தப் பக்கம் நின்றால் தெரிவது விலா மட்டும். ரெயின்போ பாலமோ கண்ணெதிரே நிற்கிறது. "சும்மா போய் ஒரு காபி குடிச்சிட்டு வந்துடலாமா?" என்று ஒருவன் கேட்பான். "வேண்டாம்டா, திரும்ப விடலைன்னா?" என்பான் இன்னொருவன்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ஆளுக்காக, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்காவில் படிப்பவருக்காக. நான் ஒஹாயோவில் ஆறு வருடம் படித்தபோது மூன்று முறை எல்லை தாண்டினேன். கடைசி முறை போனபோது என் அமெரிக்க விசா காலாவதியாகிப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் திரும்பி வந்தேன், முழுக்கச் சட்டப்படி. கீழே உள்ளதெல்லாம் இந்திய பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்

விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்க வாசலில் வந்து நின்று "உள்ளே விடுங்கள்" என்று கேட்பதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே வந்த பிறகு எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற நுழைவுப் பதிவும் கல்லூரி தந்த ஐ-20 படிவமும்தான் சொல்லும். ஐ-94இல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' என்று இருக்கும். ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கும் வரை இருக்கலாம் என்று அதற்குப் பொருள். விசா முடிந்துபோனாலும் ஐ-20 உயிரோடு இருந்தால் நீங்கள் அமெரிக்காவுக்குள் இருப்பதில் ஒரு தவறும் இல்லை. வெளியே போய்விட்டு மறுபடி நுழையும்போதுதான் விசாவின் தேதி கேள்வியாகிறது.

இந்தியர்களுக்கு எஃப்-1 விசா பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத் தருகிறார்கள். இரண்டு வருட எம்.எஸ்., அதற்குமேல் அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு மூன்று வருட ஓ.பி.டி. (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) என்று கூட்டிப் பாருங்கள், சரியாக ஐந்து. பிஎச்.டி. மாணவர்களுக்கு அதுவும் போதாது. அதனால் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள்.

படி 1: போகலாமா கூடாதா என்று முடிவு செய்யுங்கள்

டிக்கெட் பார்ப்பதற்கு முன் உங்கள் நிலைமையைப் பாருங்கள்.

படிப்பு நடந்துகொண்டிருக்கிறது, விசாவும் செல்லும் என்றால் பிரச்சினையே இல்லை. நேராகப் படி 2க்குப் போங்கள். படிப்பு நடக்கிறது, விசா முடிந்துவிட்டது என்றால் படி 4ஐ இரண்டு முறை படியுங்கள்.

போகவே கூடாதவர்கள் யார் என்பதுதான் முக்கியம். படிப்பு முடிந்ததும் மூட்டை கட்ட 60 நாள் அவகாசம் தருகிறார்கள் அல்லவா, அந்த அவகாசம் நாட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும். ஓ.பி.டி.க்கு விண்ணப்பிக்காமல் அந்த நாட்களில் ஒரு மணி நேரம் கனடாவுக்குப் போனாலும் எஃப்-1இல் திரும்பி வர முடியாது. மே மாதம் பட்டமளிப்பு விழா, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், நயாகராவைக் காட்டலாம் என்று காரை எடுக்கிறோம். இந்தப் பொறியில் மாட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

ஓ.பி.டி. விண்ணப்பம் போட்டுவிட்டு ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டைக்காகக் காத்திருப்பவர்கள் சட்டப்படி போகலாம். ஆனால் இடையில் கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தாலோ, அட்டை தபாலில் தொலைந்தாலோ, எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தலையில் கை வைக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால், அட்டை கைக்கு வரும்வரை இருங்கள்.

எஃப்-1இலிருந்து எச்-1பி என்ற வேலை விசா வகைக்கு மாற்றச் சொல்லி நிறுவனம் மனுப் போட்டிருந்தால் நகரவே வேண்டாம். முடிவு வருவதற்கு முன் நாட்டை விட்டு வெளியேறினால், ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இது பழைய விதிதான். ஆனால் 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்த பிறகு இதன் கனம் வேறு. மாற்றம் முடியுமுன் வெளியே போனவர்கள் அந்தக் கட்டணத்துக்குள் வந்துவிடுகிறார்கள். ஒரு வாரயிறுதி டொரண்டோவுக்காக எந்த முதலாளியும் அவ்வளவு தரமாட்டார்.

இன்னொரு கூட்டம் உண்டு: விசா ரத்து செய்யப்பட்டதாக மின்னஞ்சல் வந்தவர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானாலே, வழக்கு முடியுமுன் தூதரகம் விசாவை ரத்து செய்துவிடும் வழக்கம் இருக்கிறது. காலாவதியான விசாவும் ரத்தான விசாவும் ஒன்றல்ல. ரத்தாகியிருந்தால் கீழே சொல்லும் சலுகை எதுவும் கிடையாது, வழக்கறிஞரைப் பாருங்கள்.

படி 2: ஐ-20இல் கையெழுத்து

ஐ-20இன் இரண்டாம் பக்கத்தில் பயணத்துக்கென ஒரு கட்டம் இருக்கும். அதில் உங்கள் டி.எஸ்.ஓ., அதாவது சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உங்களுக்குப் பொறுப்பானவர், கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். படிப்பவர்களுக்கு அது ஒரு வருடம் செல்லும். ஓ.பி.டி.யில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் போட்ட கையெழுத்தாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கிளம்பும் நாளை விட்டுவிடுங்கள், திரும்பி நுழையும் நாளன்று அது செல்ல வேண்டும்.

இப்போது பல கல்லூரிகள் கையெழுத்திட்ட ஐ-20ஐ மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுகின்றன. அச்சடித்து, நீங்களும் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நன்றி நவிலல் விடுமுறைக்கும் வசந்த விடுமுறைக்கும் முந்தைய வாரம் அந்த அலுவலகம் ரேஷன் கடை மாதிரி இருக்கும். மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். கையெழுத்து வாங்கும்போதே, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் தரவுத்தளமான செவிஸில் உங்கள் பதிவு செயலில் இருக்கிறதா, முழுநேரப் பாடங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லை அதிகாரியின் திரையில் முதலில் வருவது அதுதான்.

கையெழுத்தை மறந்து போய்த் திரும்புகிறவர்களை உடனே விரட்டிவிடுவதில்லை. அதிகாரி மனது வைத்தால் ஐ-515ஏ என்ற தாளைக் கொடுத்து 30 நாளுக்கு உள்ளே விடுவார், அதற்குள் டி.எஸ்.ஓ. மூலம் குறையைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அது உரிமை இல்லை, அவர் பார்த்துத் தருவது.

படி 3: போகிற நாட்டின் விசா

கனடாவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். "அமெரிக்க விசா இருந்தால் கனடாவுக்குப் போகலாம்" என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உலவுகிறது. சில நாட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

வருகையாளர் விசாவை கனடா குடிவரவுத் துறையின் தளத்தில் இணையவழியே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. கைரேகையை ஒருமுறை கொடுத்தால் பத்து வருடம் போதும். அமெரிக்காவில் இருப்பவர்கள் இதற்காக எங்கோ அலைய வேண்டியதில்லை. கைரேகைக் கடிதம் வந்ததும், அமெரிக்கக் குடியுரிமைத் துறையின் விண்ணப்ப உதவி மையங்களிலேயே நேரம் வாங்கிக் கொடுக்கலாம். விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94, கல்லூரியில் படிப்பதற்கான கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்பதற்கான சிறு விளக்கம் ஆகியவற்றைச் சேருங்கள். உறவினர் வீட்டுக்குப் போவதானால் அவர்களின் அழைப்புக் கடிதமும், அவர்களது கனடா ஸ்டேட்டஸின் நகலும்.

நான் முதல்முறை விண்ணப்பித்தபோது, பெரியப்பா மகள் ஸ்கார்பரோவில் இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரே வரி எழுதியிருந்தேன். மறுத்துவிட்டார்கள். பயணம் முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று நம்ப முடியவில்லையாம். இரண்டாம் முறை, டிசம்பரில் எந்தத் தேர்வுகள் இருக்கின்றன, ஆராய்ச்சி உதவித்தொகை எதுவரை, எந்த நாளில் எந்தப் பேருந்தில் திரும்புவேன் என்று அரைப் பக்கம் எழுதினேன். அந்த அரைப் பக்கத்துக்குக் கிடைத்தது விசா. திரும்பிப் போவதற்கு உங்களுக்கு அமெரிக்காவில் என்ன இருக்கிறது என்று அவர்கள் தேடுகிறார்கள். அதைத் தேட விடாமல் நீங்களே முன்னால் வைத்துவிடுங்கள்.

முன்பெல்லாம் கனடா விசாவைக் கேட்காமலே பாஸ்போர்ட் முடியும்வரை, பத்து வருடத்துக்குக்கூடத் தந்துவிடுவார்கள். 2024 நவம்பர் முதல் எத்தனை காலம், எத்தனை முறை என்பதை அதிகாரியே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முடிவு செய்கிறார். ஒருமுறை விசாதான் கிடைத்தது என்றால் தளர்ந்துவிட வேண்டாம். அனுமதி வந்ததும் விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டைக் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். அந்த நாட்களில் ஊருக்குப் போக வேண்டிய அவசரம் வந்தால் கையில் பாஸ்போர்ட் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மெக்சிகோ இதற்கு நேர்மாறு. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். சுற்றுலாவாக 180 நாள் வரை அனுமதிக்கலாம், எத்தனை நாள் என்பதை அங்கே முத்திரை குத்துபவர் எழுதுவார். 'செல்லுபடியாகும்' என்ற சொல்லில்தான் என் அறைத்தோழன் வழுக்கி விழுந்தான். காலாவதியான விசாவோடு அமெரிக்காவுக்குத் திரும்பி வரலாம் என்ற விதியை எங்கோ படித்துவிட்டு, கான்கூனுக்கு நால்வராக டிக்கெட் போட்டார்கள். அவனுடைய விசா மட்டும் முடிந்திருந்தது. திரும்பி வருவதற்கு அந்த விதி உதவியிருக்கும். உள்ளே போக மெக்சிகோ விசா வேண்டுமே! விமான நிறுவனம் ஏற்றவில்லை. மற்ற மூவர் கடலில் குளித்த படங்களை அவன் ஆய்வகத்தில் உட்கார்ந்து லைக் போட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அப்போது தெரியாத ஒரு வழியும் இருந்தது. அமெரிக்க விசாவுக்குப் பதிலாகச் செல்லுபடியாகும் கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் விசாக்களில் ஒன்று இருந்தாலும் மெக்சிகோ ஏற்றுக்கொள்கிறது. கனடா விசா எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இது இலவச இணைப்பு மாதிரி.

போர்ட்டோ ரிக்கோவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது அமெரிக்கப் பகுதி. கொலம்பஸிலிருந்து மயாமி போவது போலத்தான், எல்லையே தாண்டவில்லை. அமெரிக்க வர்ஜின் தீவுகளும் அமெரிக்காதான். ஆனால் அங்கிருந்து கிளம்பும்போது ஆவணம் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டும் ஐ-20யும் கையில் இருக்கட்டும். கடலும் வேண்டும் டென்ஷனும் வேண்டாம் என்றால் இவை இரண்டும் போதும்.

படி 4: விசா முடிந்தவர்களுக்கு – ஏ.வி.ஆர்.

ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன் என்பதைத்தான் மாணவர்கள் ஏ.வி.ஆர். என்கிறார்கள். 22 சி.எஃப்.ஆர். 41.112(டி) என்ற விதி. சாரம் இதுதான்: கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்கு மிகாமல் போய்விட்டுத் திரும்பினால், காலாவதியான விசா அந்த நுழைவுக்கு மட்டும் நீண்டுவிட்டதாகக் கொள்ளப்படும். தனி விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, ஸ்டாம்பிங் (தூதரகத்தில் புது விசா ஒட்டி வாங்குவது) இல்லை.

எஃப் விசாக்காரர்களுக்கும், பரிமாற்றத் திட்டத்தில் வரும் ஜே விசாக்காரர்களுக்கும் மட்டும் கூடுதலாக ஒன்று: பஹாமாஸ், ஜமைக்கா, பார்படோஸ், பெர்முடா, டொமினிகன் குடியரசு போன்ற அண்டைத் தீவுகளுக்குப் போனாலும் இது பொருந்தும். கியூபா கிடையாது. பின்னால் எச்-1பிக்கு மாறிவிட்டால் இந்தத் தீவுச் சலுகை போய்விடும், கனடாவும் மெக்சிகோவும் மட்டும் மிஞ்சும்.

நிபந்தனைகள் சிறியவை, ஆனால் ஒவ்வொன்றும் கழுத்தில் கத்தி. ஐ-94 செல்லுபடியாக இருக்க வேண்டும், கையெழுத்துள்ள ஐ-20 வேண்டும், பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். ஸ்டேட்டஸை இடையில் கெடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் பயணத்தில் வேறு நாட்டுக்குத் தாவக் கூடாது. டொரண்டோவிலிருந்து லண்டனுக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்தால் ஏ.வி.ஆர். செத்தது. அமெரிக்கா பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகள் என்று அறிவித்த நாட்டின் குடிமகனாக இருக்கக் கூடாது; ஈரானிய நண்பரோடு சேர்ந்து திட்டம் போடுகிறீர்கள் என்றால் அவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இன்னொன்று. அங்கே போயிருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கவே கூடாது. விண்ணப்பித்த கணமே இந்தச் சலுகை போய்விடும். விசா கையில் கிடைத்த பிறகுதான் திரும்ப முடியும். மறுத்தால் நேரே சென்னைக்குத்தான் விமானம். ஒரு காலத்தில் "கனடா போனோமா, அப்படியே ஸ்டாம்பிங் முடித்தோமா" என்று சீனியர்கள் கதை சொல்வார்கள். அந்தக் கதையை மறந்துவிடுங்கள். விண்ணப்பதாரர்கள் சொந்த நாட்டிலோ, சட்டப்படி குடியிருக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். பெரியப்பா மகளுக்கு வளைகாப்பு. நவம்பர், நன்றி நவிலல் விடுமுறை. கொலம்பஸிலிருந்து டொரண்டோ, நான்கு நாள். போகும்போது ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும் காலை டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில், விமான நிறுவன கவுன்டரில் இருந்த பெண் என் விசாப் பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது ஜனவரியிலேயே முடிந்துவிட்டதே?" ஏ.வி.ஆர். என்றேன். அப்படி ஒன்றை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் வரிசை நீண்டது. என் கைப்பையில் வளைகாப்பில் கொடுத்த ஐந்துவகைச் சாதத்தில் இரண்டு வகை, அதன் புளிவாசம் வேறு.

இந்த இடத்தில் வாதாடக் கூடாது. நான் சொன்ன ஒரே வாக்கியம்: "தயவுசெய்து உங்கள் மேற்பார்வையாளரை அழைத்து, டைமேட்டிக்கில் பார்க்கச் சொல்லுங்கள்." எந்த நாட்டுக்காரருக்கு எங்கே போக என்ன ஆவணம் வேண்டும் என்பதை விமான நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் தரவுத்தளம் அது. கூடவே ஐ-20க்குள் மடித்து வைத்திருந்த விதியின் அச்சுப் பிரதியை, அந்தப் பத்தியை மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டபடி நீட்டினேன். மேற்பார்வையாளர் வந்தார், தட்டினார், படித்தார், தலையாட்டினார். இருபது நிமிடம் போனது. அடுத்து அமெரிக்கக் குடிவரவுச் சோதனை. பியர்சனில் அது விமானம் ஏறுமுன் டொரண்டோவிலேயே நடந்துவிடும். அந்த அதிகாரி விசாவைப் பார்த்தார், ஐ-94ஐப் பார்த்தார், "எத்தனை நாள் இருந்தீர்கள்?" என்றார். "நான்கு." அவ்வளவுதான், அரை நிமிடம்.

விசா முடிந்தவர்கள் முடிந்தவரை தரைவழியாகத் திரும்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். பாலத்தில் நேரடியாக சி.பி.பி., அதாவது அமெரிக்க எல்லைக் காவல் துறையின் அதிகாரி முன் போய் நிற்கிறோம். விதி தெரிந்தவர்கள் அவர்கள். விமானத்தில் நடுவே ஒரு கவுன்டர் இருக்கிறது.

படி 5: கோப்பு

ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி, கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் (விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அதுவும்), ஐ-20, ஐ-94 அச்சுப் பிரதி, செவிஸ் கட்டண ரசீது, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் அல்லது மதிப்பெண் பட்டியல், உதவித்தொகைக் கடிதம். ஓ.பி.டி. என்றால் ஈ.ஏ.டி. அட்டையும் வேலைக் கடிதமும். விசா முடிந்தவர்களுக்கு மேலே சொன்ன விதியின் நகல்.

ஐ-94ஐ சி.பி.பி. தளத்திலிருந்து கிளம்பும் முன்பே எடுத்து அச்சடித்து வைக்க வேண்டும். நீங்கள் விமானத்தில் கிளம்பிய பிறகு அந்தத் தளம் வேறு மாதிரி காட்டலாம். யாரிடமாவது பழைய காகித ஐ-94 இருந்தால் 30 நாளுக்குட்பட்ட பயணத்தில் அதைக் கவுன்டரில் கொடுத்துவிட வேண்டாம், ஏ.வி.ஆருக்கு அதுதான் ஆதாரம்.

படி 6: கிளம்பும் நாள்

நடந்து போவது நயாகராவில் ஒரு தனி சுகம். ரெயின்போ பாலத்தின் நடுவில் இரண்டு நாட்டுக்கும் கோடு போட்ட இடத்தில் ஆளாளுக்கு ஒரு கால் வைத்துப் படம் எடுப்பார்கள். திரும்பும்போது கனடாப் பக்கம் சுழல்வாயிலில் சில்லறை போட்டால்தான் கதவு திறக்கும். நான் போனபோது ஒரு டாலர். பையில் காசு வைத்துக்கொள்ளுங்கள். ரயில் பிரியர்களுக்கு ஆம்ட்ராக்கின் மேப்பிள் லீஃப் நியூயார்க்கிலிருந்து டொரண்டோ வரை போகிறது. சியாட்டில் பக்கம் இருப்பவர்களுக்கு வான்கூவர் வரை கேஸ்கேட்ஸ்.

சொந்தக் காரென்றால் காப்பீட்டு நிறுவனத்திடம் கனடாவுக்கான பொறுப்புக் காப்பீட்டு அட்டை கேளுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். வாடகைக் காருக்கு எல்லை தாண்டும் அனுமதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெக்சிகோவில் அமெரிக்கக் காப்பீடு செல்லாது, தனியாக வாங்க வேண்டும். கனடாவில் வேகப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும். 100 என்று பார்த்ததும் மைல் என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள்.

எல்லைக்கருகே காரில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டெட்ராய்ட்டிலும் நயாகராவிலும் மேப் சொல்லும் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால், 'அமெரிக்காவின் கடைசி வெளிவழி' என்ற பலகையைக் கடந்து பாலத்தில் ஏறிவிடுவீர்கள். அங்கே யூ-டர்ன் கிடையாது. கனடா விசா இல்லை என்றால் அவர்கள் ஒரு தாள் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். இந்தப் பக்கம் வந்ததும் அமெரிக்க அதிகாரி எல்லாரையும் போலவே உங்களையும் சோதிப்பார். பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தால் அது நீண்ட இரவு. எல்லை ஊர்களுக்குச் சும்மா அருவி பார்க்கப் போனாலும் கோப்பை எடுத்துக்கொண்டு போங்கள். எல்லையிலிருந்து 100 மைலுக்குள் பேருந்திலும் ரயிலிலும் ஏறி ஆவணம் கேட்கும் வழக்கமும் உண்டு.

படி 7: திரும்பும் வாசல்

கேள்விகள் எளியவை. எங்கே போனீர்கள், ஏன், எத்தனை நாள், என்ன படிக்கிறீர்கள், எந்தக் கல்லூரி, என்ன கொண்டு வருகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில். ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். என் நண்பன் ஒருவன் ஐந்து நிமிடம் புரதங்களைப் பற்றி விளக்கியதில் இரண்டாம் கட்டச் சோதனை அறைக்கு அனுப்பப்பட்டான். அந்த அறைக்கு அனுப்பினாலும் பதற வேண்டாம், பெரும்பாலும் செவிஸ் பதிவைச் சரிபார்க்கத்தான்.

கனடாவில் 2018 அக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வம். எல்லையில் அந்தச் சட்டம் உங்களோடு வராது. கொண்டு வருவது இருக்கட்டும், பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டாலே அமெரிக்க நுழைவுக்குச் சிக்கல்.

அப்புறம், கறிவேப்பிலை. ஸ்கார்பரோவின் யாழ்ப்பாணத்துக் கடைகளில் பச்சைப் பசேலென்று கட்டுக் கட்டாகப் பார்த்ததும் கை தானாக நீளும். அமெரிக்காவுக்குள் அதைக் கொண்டுவர முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் குடியிருக்கும். மிளகாய்த் தூள், வடகம், முறுக்கு எல்லாம் பிரச்சினை இல்லை. எதுவாக இருந்தாலும் "உணவுப்பொருள் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் குப்பைத்தொட்டிக்குப் போகும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம், பதிவிலும் ஏறும். என் சாதப் பொட்டலங்களைச் சொன்னேன். அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு "இறைச்சி இருக்கிறதா?" என்றார். இல்லை என்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பா அம்மாவோடு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்களுக்கும் கனடா விசா தனியாக வேண்டும். கனடா போய் வந்ததால் அமெரிக்காவில் அவர்களுக்குக் கொடுத்த ஆறு மாதம் புதிதாகத் தொடங்கிவிடும் என்று நினைத்து ஊர் டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் பழைய தேதியே தொடரும்.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

பையை இறக்கி வைத்ததும் படுக்கத்தான் தோன்றும். அதற்கு முன் சி.பி.பி. தளத்தில் உங்கள் ஐ-94ஐத் திறந்து பாருங்கள். தரைவழியில் வந்தவர்களுக்குப் பழையதே தொடரலாம், புதிதும் கொடுக்கலாம். தரைவழியில் புதிதாகக் கொடுத்தால் கட்டணம் உண்டு. 2025 செப்டம்பர் 30 முதல் அது 6 டாலரிலிருந்து 30 டாலராகிவிட்டது. பார்க்க வேண்டியவை மூன்று: வகை எஃப்-1 என்று இருக்கிறதா, தேதி இடத்தில் டி/எஸ் இருக்கிறதா, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா.

கூட்ட நேரத்தில் அப்பா அம்மாவோடு சேர்த்து உங்களையும் பி-2 (சுற்றுலா வகை) என்று தட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். அப்படி ஆகியிருந்தால் பேசாமல் விட்டுவிடக் கூடாது. நுழைவுப் பதிவின் பிழைகளைத் திருத்தும், அருகிலுள்ள சி.பி.பி.யின் டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தைத் தொடர்புகொண்டு, டி.எஸ்.ஓ.வுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஐ-20, விசா, நுழைவு முத்திரை ஆகியவற்றின் நகல் கேட்பார்கள். எண் மாறியிருந்தால் புதிய ஐ-94ஐப் பிடிஎஃப் ஆக எடுத்துப் பழையதோடு சேர்த்து வையுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போது கவுன்டரில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.